ஆனிக் காற்றும் அறுபது கிராம் மாவும்

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீடு. அதன் மேற்குச் சுவரில் போன வருஷம் ஆனி மாதம் டைல்ஸ் ஒட்டி முடித்தோம். ஐப்பசி மழை தொடங்கும் முன்பே தட்டிப் பார்த்தால் பாதிச் சுவர் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. ஓரத்தில் உளியை வைத்து நெம்பியதும், அப்பளம் பெயர்வதுபோல ஒரு டைல்ஸ் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். துடைத்து வைத்த தட்டு மாதிரி முதுகு சுத்தமாக இருந்தது. சுவரிலோ, பசையில் பல் கரணை இழுத்த வரிகள் உழுத புழுதியின் சால் போல அப்படியே நின்றன. ஒரு வரியின் முகட்டை நகத்தால் கீறினேன். மேலே மெல்லிய தோல், அதற்கடியில் விரலில் உதிரும் பொடி.

பசை மூட்டையில் குறையில்லை. அதே பசையால் அதே வீட்டின் குளியலறையில் ஒட்டியது இன்றைக்கும் கல்லாக நிற்கிறது. தப்பு எங்கள் கையில்தான். அரைச் சுவர் அகலத்துக்குப் பசையை இழுத்துவிட்டு, டீ குடித்து வந்து ஒட்டினோம். அந்தக் கால் மணி நேரத்துக்குள், மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று பசையின் முகத்தைக் காயவைத்துவிட்டது. ஒட்டும்போது எங்கள் கண்ணுக்கு அது ஈரமாகத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு பொருளைப் பற்றி விடாமல் படித்து வருகிறேன். மூட்டையின் முதுகில் அதன் பேர் இருக்காது. கடைக்காரர் பொதுவாக "பாலிமர் சேர்த்திருக்கு" என்பார். 20 கிலோ டைல்ஸ் பசை மூட்டையில் அது இருப்பது சுமார் 60 கிராம், அதாவது காபி டம்ளரில் ஒன்றுக்குச் சற்றுக் கூட அல்லது குறைய. மிச்சமெல்லாம் சிமெண்டும் சலித்த மணலும், தரத்துக்கேற்ப இன்னும் ஒன்றிரண்டு சேர்மானமும். அந்த 60 கிராம் வெள்ளை மாவுதான் செல்லுலோஸ் ஈதர். மேல்காற்றடிக்கிற நம் சீமையில் டைல்ஸ் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் சுவரில் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பசை இழுக்க ஏறக்குறைய நாலரைக் கிலோ பசைத் தூள் பிடிக்கும். அதற்கு நாம் விடும் தண்ணீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட. சிமெண்ட் முழுசாக இறுக அதன் எடையில் 40 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். ஆக, அந்த ஒரு லிட்டரில் பாதிக்கு மேல் சிமெண்டின் பங்கு. இனி காற்றின் பங்கு. வெயில் 35 டிகிரி, காற்றில் ஈரம் 40 சதவீதம், காற்றின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். ஆனியில் நம் ஊரில் இது அபூர்வமில்லை. புதுக் கான்கிரீட் வெடிக்குமா என்று முன்கூட்டிக் கணிக்க எஞ்சினியர்கள் வைத்திருக்கும் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டேன். மூடாத ஈரப்பரப்பிலிருந்து சதுர மீட்டருக்கு மணிக்கு ஒன்றேமுக்கால் லிட்டர் ஆவியாகும் என்று வந்தது. கான்கிரீட்டுக்கே ஒரு லிட்டரைத் தாண்டினால் ஆபத்து என்பார்கள். நம் பசையின் மொத்தக் கையிருப்பே ஒரு லிட்டர்தான். அதையும் பின்னாலிருந்து வெயிலில் காய்ந்த சுவர் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் நம் அப்பா காலத்துக் கொத்தனார்கள் ஒட்டியது எப்படி நின்றது? அவர்கள் முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் கனத்துக்குச் சாந்து வைத்து, முதுகில் சிமெண்டுப் பால் தடவி, ராத்திரியே தொட்டியில் ஊறப்போட்ட டைல்ஸைத் தட்டி உட்கார வைத்தார்கள். கனமான சாந்தே ஒரு தண்ணீர்த் தொட்டி. ஓரம் காய்ந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். ஊறின டைல்ஸும் சாந்தின் தண்ணீரைக் குடிக்காது. அன்றைய சுவர் டைல்ஸின் முதுகில் நுண்துளைகள் நிறைய உண்டு. பால் அதற்குள் இறங்கி வேர் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு வரும் விட்ரிஃபைடு டைல்ஸோ தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூடக் குடிக்காது. கண்ணாடிக்குப் பக்கத்துச் சொந்தம் அது. நாலடிக்கு இரண்டடி டைல்ஸ் ஒன்று 14, 15 கிலோ இருக்கும். பாலை நம்பி அதைச் சுவரில் ஏற்ற முடியாது. மெல்லிய பசைதான் வழி. மெல்லியதாகிவிட்டால் தண்ணீருக்குக் கிடங்கு கிடையாது. அந்தக் கிடங்கின் வேலையைச் செய்யத்தான் இந்த 60 கிராம். 1950களில் அமெரிக்காவில் மெத்தில் செல்லுலோஸ் கலந்த மெல்லிய டைல்ஸ் சாந்து வந்தபோது, டைல்ஸை இனி ஊறப்போட வேண்டாம் என்பதாலேயே அதற்கு 'டிரை-செட்' என்று பேர் வைத்தார்கள்.

செல்லுலோஸ் நமக்கு அந்நியப் பொருள் இல்லை. பத்தமடைப் பாயின் கோரையில் இருப்பது அது. பனைநாரில் இருப்பது அது. பருத்திப் பஞ்சு ஏறக்குறைய முழுக்க அதுவேதான். 1838இல் அன்செல்ம் பயேன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தாவரங்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார். சோற்றுக் கஞ்சியில் உள்ள மாவுச்சத்தும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் மணியைக் கோத்த மாலைகள்தான். கோத்த விதம் மட்டும் வேறு. மாவுச்சத்தின் மாலை சுருளும், அதற்குள் தண்ணீர் நுழையும், வேகவைத்தால் கஞ்சியாகும். செல்லுலோஸின் மாலை நேராக நீளும். பக்கத்து மாலையோடு ஹைட்ரஜன் பிணைப்பால் நெருக்கி அடுக்கிக்கொள்ளும். அதனால்தான் பாயை எத்தனை நாள் ஆற்றில் ஊறப்போட்டாலும் அது நனையுமே தவிரக் கரையாது.

அந்த நெருக்கத்தைக் கலைப்பதுதான் ஆலையில் நடக்கும் வேலை. மரக்கூழையோ, பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சையோ எடுத்து எரிசோடாவில் ஊதவைப்பார்கள். பிறகு மெத்தில் குளோரைடும் புரொப்பிலீன் ஆக்சைடும் சேர்ப்பார்கள். மாலையின் மணிகளில் சின்னச் சின்ன முள்போல அவை ஏறிக்கொள்ளும். முள் ஏறிய மாலைகள் முன்போல நெருங்கி அடுக்க முடியாது. இடையில் தண்ணீர் புகுந்துவிடும். பாயாக இருந்தது கரையக்கூடிய மாவாகிவிடும். இப்படி வருவதுதான் ஹைட்ராக்சிபுரொப்பில் மெத்தில் செல்லுலோஸ். சுருக்கமாக எச்.பி.எம்.சி. என்பார்கள். புரொப்பிலீனுக்குப் பதில் எத்திலீன் ஆக்சைடு சேர்த்தால் எச்.இ.எம்.சி. கட்டட மாவுகளில் இந்த இரண்டும்தான் அதிகம் புழங்குகின்றன.

கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசலில் பருத்தி வெடிக்கும்போது எனக்கு இந்த நினைப்பு வரும். 'டின்னவேலி' என்று ஊர்ப் பேரிலேயே சீமைச் சந்தையில் விலைபோன பருத்தி நம்முடையது. அதை நம்பித்தான் 1880களில் பாபநாசம் அருவித் தண்ணீரின் பலத்தில் ஹார்வி மில் எழுந்தது. நீளப் பஞ்சை ஜின்னிங் ஆலை எடுத்துக்கொண்ட பிறகும் விதையில் ரோமம் போல ஒட்டி நிற்கிறதே, பருத்திப்பாலுக்கு ஆட்டும்போது நாம் கழித்து ஒதுக்குகிற பஞ்சு, அந்த இனம்தான் செல்லுலோஸ் ஈதருக்கு உயர்ந்த மூலப்பொருள்.

சி.எம்.சி. என்று இன்னொரு செல்லுலோஸ் ஈதர் உண்டு. விலை குறைவு. சோப்புத் தூளிலும் ஐஸ்கிரீமிலும் அது நல்ல வேலை செய்யும். ஆனால் அதில் அமிலக் கை உண்டு. சிமெண்டிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்புச் சத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டால், அது தண்ணீரை விட்டுவிட்டுத் திரிந்துபோகும். சிமெண்ட் கலவைக்கு அது ஆகாது. "எல்லாம் செல்லுலோஸ்தான்" என்று யாராவது மலிவு மாவைக் கொடுத்தால் ஏமாறக்கூடாது.

சரி, பசைக்குள் போன பிறகு இந்த மாவு என்ன செய்கிறது? கரைந்த மாலைகள் ஒன்றோடொன்று பின்னி, தண்ணீரைச் சிக்கலுக்குள் வைத்துக்கொள்கின்றன. தண்ணீர் கெட்டிப்படுகிறது. சுவரும் காற்றும் இழுத்தாலும் மெல்ல மெல்லத்தான் போகும். அந்த அவகாசத்தில் சிமெண்ட் தன் பங்கைக் குடித்து இறுகிக்கொள்ளும். பசையை இழுத்ததிலிருந்து டைல்ஸ் பிடிக்கும் வரையுள்ள நேரத்தை 'ஓப்பன் டைம்' என்று மூட்டையில் போட்டிருப்பார்கள். ஆய்வுக்கூடத்தில், நிழலில், காற்றில்லாமல் பார்த்த நேரம் அது. 20 நிமிஷம் என்று போட்டிருந்தால் நம் மேற்குச் சுவரில் அதில் பாதியைக்கூட நம்பக் கூடாது.

இரண்டாவது வேலை, வழுக்காமல் நிறுத்துவது. இட்லி மாவைக் கரண்டியால் கலக்கினால் இளகும், விட்டால் தடித்து நிற்கும் அல்லவா, அதே குணம் இந்தக் கரைசலுக்கும் உண்டு. கரணை தேய்க்கும்போது இளகிக் கொடுக்கும், கரணையை எடுத்ததும் இறுகும். 15 கிலோ டைல்ஸ் சுவரில் நழுவாமல் நிற்பதில் இந்தக் குணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஒட்டுவது இது இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். இறுகி நின்று பிடிப்பது சிமெண்ட். கண்ணாடி போன்ற முதுகிலும் பிடித்து, வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும்போது விட்டுக்கொடுப்பது, தண்ணீரில் கலந்தால் பால்போல மறுபடி விரியும் வேறொரு பாலிமர் தூள். செல்லுலோஸ் ஈதர் இந்த இரண்டுக்கும் வேலை செய்ய நேரம் வாங்கிக் கொடுக்கிறது. டைல்ஸ் பசைக்கான ஐ.எஸ். 15477 தரம் 1 முதல் 5 வரை வகை பிரித்திருப்பது பிடிமானத்தைப் பார்த்துத்தான். விட்ரிஃபைடுக்கும் வெளிச்சுவருக்கும் டைப் 1 போதாது. மூட்டையின் விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

இந்த மாவுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. கருப்பட்டி வெந்நீரில் சட்டென்று கரையும், பச்சைத் தண்ணீரில் கரைய நேரம் எடுக்கும். எச்.பி.எம்.சி. நேர்மாறு. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கரையாமல் துகளாகவே மிதக்கும். ஆற ஆறத்தான் கரைந்து, கடைசியில் தெளிந்த கூழாகும். அந்தக் கூழை மறுபடி சூடாக்கினால், வகையைப் பொறுத்து சுமார் 60 டிகிரியிலிருந்து 80, 90 டிகிரிக்குள் தண்ணீரைக் கைவிட்டுத் திரளும். காரணம், அந்த மெத்தில் முட்களுக்குத் தண்ணீர் பிடிக்காது. குளிர்ச்சியில் தண்ணீர் அவற்றைச் சூழ்ந்து அடக்கி வைத்திருக்கும். சூட்டில் அந்தக் கட்டு அவிழ, முட்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளும். சிமெண்டின் உப்புகள் கலந்த தண்ணீரில் இந்தத் திரளும் சூடு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். சித்திரை வைகாசியில் மத்தியானம் மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். கறுத்த பூச்சாக இருந்தால் 60 டிகிரியை நெருங்கிவிடும். தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டிய பொருள், மிக அவசரமான நேரத்தில் கையை விட்டுவிடுகிறது. சூட்டைத் தாங்கும் எச்.இ.எம்.சி. வகையை வெப்ப நாடுகளில் தேடுவது இதற்காகத்தான். நம் கையில் இருக்கும் வழி ஒன்றுதான். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைச் சாயங்காலமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாளிக்கு அருகே நடக்கும் தப்பு இன்னொன்று. எங்களோடு 30 வருஷமாக வேலை பார்க்கும் கொத்தனார் ஒருநாள் கேட்டார்: "தம்பி, பசை கட்டிட்டு. ரெண்டு செம்பு தண்ணி விட்டா இளகிரும்லா?"

"வேண்டாம் அண்ணாச்சி. தண்ணி விடாம சும்மா கிண்டிப் பாருங்க" என்றேன்.

மிஷினை வைத்துக் கிண்டினார். அரை நிமிஷத்தில் இளகியது. வாளியில் சும்மா இருந்ததால் தடித்த பசை அது. இட்லி மாவு தடித்ததற்குத் தண்ணீர் விட்டால் என்னாகும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். கிண்டியும் இளகாவிட்டால் சிமெண்டே இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். செம்புத் தண்ணீர் அதைப் பிழைக்க வைக்காது, பசையில் மீதமிருந்த பலத்தையும் கெடுக்கும்.

கலக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வாளியில் முதலில் அளந்த தண்ணீர், பிறகு பசைத் தூள். கலக்கி 5 முதல் 10 நிமிஷம் ஆறப்போட்டு, மறுபடி கலக்க வேண்டும். செல்லுலோஸ் துகள் முழுசாகக் கரைய அந்த நேரம் பிடிக்கும். ஆறப்போடாமல் அள்ளினால் கரையாத துகள்கள் சுவரில் போன பிறகு தண்ணீரைக் குடித்து ஊதும். தனி எச்.பி.எம்.சி. மாவை வாங்கி, சாதாரணச் சாந்தில் தூவிக் கலக்குகிறவர்களையும் பார்க்கிறேன். நனைந்த சாந்தில் தூவினால் வெளிப்பக்கம் கூழாகி, உள்ளே காய்ந்த மாவோடு சவ்வரிசி போல உருண்டை கட்டும். அப்படிச் செய்துதான் ஆக வேண்டுமென்றால் உலர்ந்த மணலோடும் சிமெண்டோடும் முதலில் புரட்டிவிட வேண்டும். தரையில் சிந்தினால் ஈரம் படுமுன் பெருக்கிவிடுங்கள். நனைந்தால் கால் வைக்க முடியாதபடி வழுக்கும்.

கூடப் போட்டால் கூடப் பலம் என்பதும் கிடையாது. அளவு மீறினால் கலவையில் காற்றுக் குமிழ்கள் நிறைந்து பலம் குறையும். கரணையில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். சிமெண்ட் துகள்மேல் படிந்து இறுகுவதையும் தாமதப்படுத்தும். விற்பவர்கள் சொல்லும் 'ஒரு லட்சம், ஒன்றரை லட்சம்' என்ற எண் கரைசலின் தடிப்பைக் குறிப்பது, தரத்தை அல்ல. தானாகப் பரவிச் சமமாகும் தளக் கலவைக்கு 400 அளவிலான இளகிய வகையைத்தான் போடுவார்கள். அதில் ஒரு லட்சத்தைப் போட்டால் கலவை நகரவே நகராது.

சுவர்ப் பட்டியிலும் கதை இதேதான், இன்னும் கடுமை. இரண்டு கை சேர்ந்தே ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான். பட்டி மாவாகி உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டுகிறது என்றால், பெரும்பாலும் வெள்ளைச் சிமெண்ட் இறுகுமுன் சுவர் அதன் தண்ணீரைக் குடித்துவிட்டது என்றே அர்த்தம். பூச்சை நனைத்து, மேல்நீர் வற்றிய பிறகு பட்டி பார்த்தால் பாதித் தொல்லை தீரும். சாம்பல் கலந்த லேசான ஏ.ஏ.சி. கற்களும் தாகம் மிகுந்தவை. அவற்றுக்கு 3 மில்லிமீட்டர் மெல்லிய சாந்து செல்லுலோஸ் ஈதர் இல்லாமல் நடக்காது. எம் சாண்ட் பூச்சில் தூள் கூடுதலாக இருப்பதால் தண்ணீரும் கூடக் கேட்கும். அங்கேயும் கொஞ்சம் சேர்த்தால் கரணைக்கு இதமாக இருக்கும். ஆனால் இதைச் சேர்த்துவிட்டதால் பூச்சுக்குத் தண்ணீர் கட்ட வேண்டாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். முக்கால் அங்குலப் பூச்சுக்கு ஏழு நாள் நனைப்பது இன்னும் நம் கடமைதான்.

பழைய சுண்ணாம்புக் காரர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. காளை கட்டிக் கல் உருளையில் சாந்தை அரைத்து, கடுக்காய் ஊறல் நீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டுப் பூசிய சுவர்கள் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் கை வைத்தால் வழுவழுவென்று இருக்கின்றன. சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைய வைக்கும், சாந்தை இளக்கும், இறுகுவதைத் தள்ளிப்போடும். காய்களிலிருந்தும் கரும்பனையிலிருந்தும் அவர்கள் எடுத்துக்கொண்ட அவகாசத்தை நாம் பஞ்சிலிருந்து எடுக்கிறோம். சிமெண்டில் மட்டும் கருப்பட்டியைப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு கை கூடினாலும் சிமெண்ட் நாள்கணக்கில் இறுகாமல் கிடக்கும்.

இதே ஆனி மாதம் தென்காசியில் வேலை என்றால் கவலை தலைகீழ். திருநெல்வேலியிலிருந்து 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அங்கே குற்றாலச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருக்கும். கணவாய் தாண்டி ஈரத்தை இறக்கிவிட்டுக் காய்ந்த காற்றாக நம் பக்கம் வருவது அதே காற்றுதான். சாரலில் தோல் பிடிக்கும் பயம் கிடையாது. ஆனால் பிடித்து வைத்த தண்ணீர் போக வழியில்லாமல் பசை இறுக நாளாகும். மறுநாளே இடுக்குக்கு ஒயிட் சிமெண்ட் அடைத்து ஏறி நடந்தால் டைல்ஸ் அசைந்துவிடும். அங்கே நான் இரண்டு நாள் விடுகிறேன்.

பெருமாள்புரத்துச் சுவரை இந்த ஆனியிலேயே மறுபடி ஒட்டினோம். வீட்டுக்காரர் தை வரை பொறுக்கத் தயாராக இல்லை. சாரத்தில் பச்சை வலையைக் கட்டிக் காற்றை மறித்தோம். காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் நிறுத்தினோம். சுவரை நனைத்து ஈரம் மட்டும் நிற்கும்படி வைத்துக்கொண்டு, இரண்டு டைல்ஸுக்கு வேண்டிய பசையை மட்டும் இழுத்தோம். ஒட்டுமுன் கொத்தனார் ஒவ்வொரு முறையும் வரியில் விரலை வைத்துப் பார்த்தார். பசை விரலில் ஒட்டினால் டைல்ஸ், ஒட்டாவிட்டால் வழித்தெறிந்துவிட்டுப் புதுப் பசை. வரிசைக்கு ஒன்றாக, அப்போதுதான் வைத்த டைல்ஸை நெம்பிக் கழற்றவும் சொன்னேன்.

மூன்றாவது வரிசையில் அவர் கழற்றியதைத் திருப்பிக் காட்டினார். முதுகு முழுக்கப் பசை படிந்திருந்தது, சுவரில் ஒரு வரியும் தெரியவில்லை. "பாத்தியளா தம்பி, மொத்தமும் நசுங்கியிருக்கு" என்றார். பிறகு இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, புதுப் பசையை இழுத்து, அதே டைல்ஸை அதே இடத்தில் வைத்து அமுக்கினார்.